வேம்புவின் மச்சம்

மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பட்டறைகளுக்கு நடுவே போகும் சந்தில் திரும்பினால் ஒரு பழைய மாடிக் கட்டடம் வரும். கீழே லேத் பட்டறை. மேலே ஃபோட்டோ ஸ்டுடியோ. அன்று காலையும் வழக்கம்போல் கனிமொழி அதன் இரும்புப் படிகளில் ஏறினாள். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. படியெல்லாம் ஈரமும் கிரீஸ் வாசனையும்.

அவளுடைய கம்ப்யூட்டர் இருந்த பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. கீழே லேத் சுற்றும்போது தரை லேசாக நடுங்கும். லேத் நின்றால், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் அறை அமைதியாகிவிடும்.

விருத்தாசலத்திலிருந்து வேலை தேடி வந்தவள் அவள். கல்யாண ஆல்பம், பிறந்தநாள் பேனர், பாஸ்போர்ட் படம், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அவள் கை முதலில் செய்வது ஒன்றுதான். பரு, தழும்பு, மச்சம், எல்லாவற்றையும் துடைத்து முகத்தை வழவழப்பாக்கிவிடும். அதற்கு அவள் யோசிப்பதுகூட இல்லை.

முன்னறை பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் ஆனந்தன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மனைவி வேம்புலியம்மாளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான்.

"காரியத்துக்கு ஃப்ரேம் போடணும் மேடம்" என்று ஒரு பென் டிரைவை நீட்டினான். "அவ ஃபோட்டோ அல்லாம் இதுலதான் கீது. அவ போனை எக்ஸ்சேஞ்சுல குட்த்துட்டேன். கடக்காரன்தான் லாக் எடுத்து இதுல ஏத்திக் குட்த்தான்."

"எதுக்குண்ணா? வெச்சிருக்கலாமே."

"பாப்பாவ இஸ்கூலுக்கு எழுப்ப அலாரம் வெச்சிருந்தா. தெனம் காலைல அடிச்சிகினே இருந்துச்சி. லாக் எடுக்கத் தெரியல எனக்கு. பாப்பா ஓடிப் போய் அம்மா எங்கன்னு பார்க்கும்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டான். "தாங்கல மேடம்."

படங்களைத் திறந்தாள். எல்லாவற்றிலும் வேம்பு வாயைக் கையால் மறைத்திருந்தாள். கோயிலில், பீச்சில், பிறந்தநாளில், எங்கேயும் அந்தக் கை இருந்தது. ஒரே ஒரு படத்தில் மட்டும் மறந்துபோயிருந்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது யாரோ கூப்பிட்டுத் திரும்பிய சிரிப்பு. கீழுதட்டுக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கம், கறுப்பாக ஒரு மச்சம்.

கனிமொழி அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே அழுத்து. மச்சம் போய்விட்டது. பென் டிரைவில் இருந்த அதே படத்தின் மேலேயே சேமித்தாள்.

மாலையில் ஃப்ரேமை வாங்கிக்கொண்ட ஆனந்தன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லாதான் கீது. ஆனா இன்னாவோ ஒண்ணு..."

என்னவென்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மழைக்குச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அந்த வாரமே அது ஆரம்பித்தது.

அம்பத்தூர்க் கல்யாணம் ஒன்றின் ஆல்பம். மணப்பெண்ணின் கீழுதட்டுக்குக் கீழே, இடது பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி. துடைத்தாள். அச்சாகி வந்தபோது புள்ளி இருந்தது. மணப்பெண்ணுக்கு மட்டுமல்ல. மாப்பிள்ளைக்கும் இருந்தது. ஐயருக்கும் இருந்தது. பந்தியில் வாய்நிறைய சோற்றோடு நிமிர்ந்து பார்த்த பெரியவருக்கும் இருந்தது.

கடை முதலாளி பக்தவத்சலம் ஆல்பத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இன்னாமா, ஊரு மொத்தத்துக்கும் திருஷ்டிப் பொட்டு வெச்சிகினு கீறே? ஐயர் மேல யாரு கண்ணு வைக்கப் போறா?"

"நான் வைக்கல சார். பிரிண்டர் ஹெட்ல அழுக்கு போல."

பிரிண்டரைக் கழுவினார்கள். மறுநாள் பாஸ்போர்ட் படங்களில் புள்ளி. அதற்கடுத்து ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் பேனர். அதை வாங்க வந்த தாய் முகத்தைச் சுளித்தாள்.

"நான் கன்னத்துலதானே மை வெச்சேன். உதட்டுக்குக் கீழ வைக்கவே இல்லியே."

கனிமொழி பின்னறைக்குப் போய் அந்தக் குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கினாள். புள்ளியைத் துடைத்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

புள்ளி திரும்ப வந்தது.

துடைத்தாள். வந்தது. துடைத்தாள். வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். பக்தவத்சலம் டீ குடிக்கப் போயிருந்தார். கீழே லேத் நின்றது.

அந்த அமைதியில் ஒரு வாசனை வந்தது. விக்ஸும் ஈரத் தலைமுடியும் கலந்த வாசனை. காய்ச்சல்காரர்கள் படுத்திருந்த அறையின் வாசனை.

நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி வளையல் ஒன்று மெல்ல உரசியது.

அவள் திரும்பவில்லை. மானிட்டரை அணைத்தாள்.

கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது.

அதற்குப் பின்னால், தோளுக்கு மேல், இன்னொரு முகம்.

அதில் கண் இருந்த இடமும் மூக்கு இருந்த இடமும் சரியாகத் தெரியவில்லை. சுருக்கமில்லை, வரியில்லை, ஒரு குறையுமில்லை. வழவழவென்று இருந்தது. எத்தனையோ முகங்களுக்கு அவள் செய்து பழகிய அதே வழவழப்பு.

காதருகே சூடான மூச்சு பட்டது.

"பாப்பா தேடுதுக்கா."

கனிமொழி செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

மறுநாள் வேலைக்கு வரக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் வந்தாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டாள். கெஞ்சல்தான் இருந்தது. இரவெல்லாம் அது அவள் காதை விட்டுப் போகவில்லை.

இரும்புப் படியில் ஆனந்தன் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. மடியில் அந்த ஃப்ரேம்.

"மேடம், இதுல அவ மச்சம் எங்க?"

அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே முந்தாநேத்துதான் தெரிஞ்சுது. பாப்பா தூங்கவே மாட்டேங்குது மேடம். அவ அம்மா மச்சத்துல வெரல வெச்சி தடவிகினேதான் தூங்கும். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். இப்ப ராவெல்லாம் இந்தக் கண்ணாடியத் தடவுது. தடவித் தடவிப் பார்த்துட்டு, இது அம்மா இல்ல, வேற யாரோன்னு அழுவுது."

கண்ணாடியில் வேம்புவின் முகம் முழுவதும் சின்ன விரலின் எண்ணெய்த் தடங்கள். நெற்றியிலிருந்து கழுத்துவரை ஓர் இடம் விடாமல் தேடியிருந்தது.

"எங்க கல்யாண ஆல்பத்துலயும் பார்த்துட்டேன். அதுலயும் இல்ல."

கதவைத் திறக்க வந்த பக்தவத்சலம் இதைக் கேட்டுவிட்டு நின்றார். "அந்த ஆல்பம் நம்ம கடைதான்மா" என்றார் மெதுவாக. "அப்ப நான்தான் டச்சப் பண்ணேன்." அதற்குமேல் அன்று அவர் ஒரு தமாஷும் பேசவில்லை.

"பழைய ஃபோட்டோவ எடுத்துக் குட்த்துடுங்க மேடம், போதும்."

"அது இல்லண்ணா." அவள் கம்பியை விடவில்லை. "அது மேலயே சேவ் பண்ணிட்டேன். திரும்ப எடுக்க முடியாது."

"எடுக்க முடியாதுன்னா? எங்க போச்சு அது?"

"எங்கயும் இல்லண்ணா."

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்லுங்க, நான் வரைஞ்சு வைக்கிறேன். எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள். இடம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் வாயால் கேட்டுவிட நினைத்தாள்.

ஆனந்தன் விரலைத் தூக்கித் தன் தாடையின் வலப்பக்கம் வைத்தான். பிறகு இடப்பக்கம் வைத்தான். திரும்ப வலப்பக்கம் கொண்டுபோனான். கை அப்படியே கீழே விழுந்தது.

"தெரியல மேடம்" என்றான். "கூடவே இருந்தேன். எனக்குத் தெரியல." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாத இடம் அழித்தவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாரமாக, முகம் முகமாக, அந்த இடத்தை யாரோ அவளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே போய் மணப்பெண் படத்தைத் திறந்தாள். புள்ளி இல்லை. ஐயருக்கும் இல்லை. குழந்தைக்கு அதன் தாய் கன்னத்தில் வைத்த மை மட்டும் இருந்தது. காட்ட வேண்டியதைக் காட்டி முடித்துவிட்டவள் போல வேம்பு எல்லா முகங்களையும் விட்டு நீங்கியிருந்தாள்.

அன்று முழுவதும் கனிமொழி வேறு எந்த வேலையையும் தொடவில்லை. நிறத்தைச் சேர்த்து, ஓரத்தை மங்கவைத்து, நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அந்த ஒரு புள்ளியைத் திரும்பக் கொண்டுவந்தாள். மாலையில் புது ஃப்ரேமோடு ஆனந்தனின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். தானே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மனம் ஆறும் என்று தோன்றியது.

வெள்ளானூரில் புதிதாக மனை பிரித்த இடம். காலி மனைகளில் தண்ணீர் தேங்கித் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு. ஆனந்தனின் அக்கா தாயம்மா, குழந்தையை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு நான்கு வயதிருக்கும். தூக்கமில்லாமல் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது.

"வா நைனா. காலைலேர்ந்து ஒரு வாய் துன்னல" என்றாள் தாயம்மா. "யாரு இந்தப் பொண்ணு?"

"ஃபோட்டோக்கட மேடம்க்கா."

குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டினான். குழந்தை இறங்கி ஓடியது. படத்தைப் பார்த்தது. முகம் மலர்ந்தது. விரலை நீட்டி, நேராக, கொஞ்சமும் தேடாமல், மச்சத்தின் மேல் வைத்தது.

தடவியது.

மறுபடி தடவியது.

முகம் கோணிக்கொண்டு வந்தது. "மெத்துனு இல்ல" என்றது.

"இன்னாடா செல்லம்?" என்றாள் தாயம்மா.

"அம்மாது மெத்துனு இருக்கும். இது மெத்துனு இல்ல. இது அம்மா இல்ல."

சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தது. பிடிவாத அழுகையாக இருந்தால் மிட்டாய் கொடுத்துச் சமாளிக்கலாம். இது பெரியவர்கள் அழுவதுபோல் அடிவயிற்றிலிருந்து வந்தது. தாயம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆனந்தன் வாசற்படியில் போய் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டான்.

கனிமொழிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இடம், நிறம், அளவு. மேடாக இருக்கும் என்பது எந்தப் படத்திலும் தெரியாதே. படத்தின் முன்னால் குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள், உதடு மட்டும் அசைய. "என்னால இவ்வளவுதான் முடியும்."

கரண்ட் போனது.

தவளைச் சத்தம் நின்றது.

விக்ஸ் வாசனை வந்தது. ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது. வெளியிலிருந்து இல்லை. சுவரிலிருந்து.

இருட்டில் வளையல் உரசியது.

குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. யாரோ வாரி எடுத்துக்கொண்டால் எப்படிச் சட்டென்று நிற்குமோ அப்படி நின்றது.

"பாப்பா?" என்றாள் தாயம்மா. கனிமொழி தடுமாறி செல்போன் டார்ச்சை அடித்தாள்.

குழந்தை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. விரல் படத்தின் மேல் இருந்தது. மெல்ல, வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தது. கண்கள் செருகிக்கொண்டு போயின. அப்படியே சறுக்கி விழப்போனதைத் தாயம்மா தாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள். எத்தனையோ இரவுகளின் தூக்கம் ஒன்றாய் வந்ததுபோல் குழந்தை அடித்துப் போட்டாற்போல் தூங்கியது.

கனிமொழி கையை நீட்டினாள். நீட்டக் கூடாது என்று தெரிந்தும் நீட்டினாள். விரல் நுனியை மச்சத்தின் மேல் வைத்தாள்.

சுற்றிலும் கண்ணாடி மழைக்குளிரில் சில்லென்று இருந்தது.

அந்த ஓர் இடம் மட்டும் மேடாக இருந்தது. மெத்தென்று இருந்தது. வெதுவெதுவென்று இருந்தது.

அவள் விரலுக்கடியில் அது அசைந்தது. ஒருத்தி பேச வாயெடுக்கும்போது உதட்டுக்குக் கீழே இருக்கும் மச்சம் எப்படி அசையுமோ, அப்படி.

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா மேடம்?" ஆனந்தன் எழுந்து உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். கேட்காமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. விரலைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தான்.

காத்திருந்தான்.

"கண்ணாடிதானே கீது" என்றான்.

விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். கொஞ்சம் நகர்த்தினான். திரும்பக் கொண்டுவந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே வேம்பு" என்றான். அதை அவன் படத்தைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?" விரல் வெளுத்துப்போகும்வரை, கண்ணாடி கிறீச்சிடும்வரை அழுத்தினான்.

தாயம்மாவின் மடியில், கண்ணைத் திறக்காமல், தூக்கத்திலேயே குழந்தை முனகியது.

"அப்பா, அழுத்தாத. அம்மாவுக்கு வலிக்குதாம்."