தங்கபுஷ்பத்தின் கவனத்துக்கு ஏலம்

காலையில் கண்விழித்ததும் இசக்கியப்பன் செய்யும் முதல் வேலை, மனைவியின் கவனத்துக்கு ஏலம் கேட்டுத் தோற்பது. "புஷ்பம், என் சட்டை எங்க?" என்பார். அந்தக் கேள்வி கவனச்சந்தைக்குப் போகும். மீன்குழம்புப் பொடிக்காரனிடமும் மூட்டுவலித் தைலக்காரனிடமும் உதை வாங்கித் திரும்பிவரும். பல் விளக்குவதுபோல அன்றாடம் நடப்பது. அடுப்படியில் இரண்டடி தள்ளி நிற்கும் தங்கபுஷ்பத்துக்கு ஒன்றும் கேட்காது. அவள் மேல் தப்பில்லை. தூத்துக்குடியில் எல்லார் கண்ணிலும் வில்லை, எல்லார் காதிலும் வடிகட்டி. ஏலத்தில் வென்றவரின் முகம் தெரியும், குரல் கேட்கும். தோற்றவர் வெறும் காற்று.

இரைச்சல் தாங்காமல் வந்த ஏற்பாடு அது. ஒரு காலத்தில் விளம்பரம் பெருத்துப்போய், காக்கை கரைந்தால்கூட நடுவில் ஒரு பனியன் கம்பெனியின் பெயர் வந்தது. கோயில் மணி அடித்தால் மிக்சி தள்ளுபடி. பிணத்தின் நெற்றிக் காசில்கூடப் பற்பசைப் படம். ஊரில் பாதிப் பேருக்குப் பைத்தியம் பிடித்தது. மீதிப் பேர் சட்டம் போட்டார்கள்.

சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் இசக்கியப்பனைப் போன்ற மதகுக் காவலர்கள் மட்டும். அவர்களுக்கு வடிகட்டி கிடையாது; உலகத்து ஓசையெல்லாம் இலவசம். கடல்நீர் ஆலையின் கோபுரத்தில் உட்கார்ந்து, ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறுவதைப் பார்ப்பது அவர் வேலை. கண்ணுக்கெட்டிய தொலைவில், மதகுக்கு இப்பாலுள்ள ஆழ வாய்க்காலில் இறங்கி, சுவரில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது தங்கபுஷ்பத்தின் வேலை.

அன்றைக்கு அமாவாசை. ஓதம் வழக்கத்துக்கு முன்பே ஏறியது. மதகு தானே திறக்கப்போவதாகச் சங்கு ஊதியது. இசக்கியப்பன் கீழே பார்த்தார். தொலைவில் தங்கபுஷ்பம் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"ஏ ஜொஹரா! சங்கு இந்தப் போடு போடுது, அவளுக்குக் கேக்கலியா?"

ஜொஹரா கோபுரத்தின் ஏலக்காரி. ஒவ்வொரு அலுவலகத்திலும் கவனம் வாங்கிக்கொடுக்க ஒருவர் இருப்பார்; அலுவலகத்து ஆட்களின் பேச்சு மட்டும் அவர் காதுக்கு வடிகட்டாமல் போகும். இவள் காயல்பட்டினத்துக்காரி, பேச்சில் உப்பு தூக்கலாக இருக்கும்.

"எனக்கே கேக்கல அண்ணாச்சி. சங்கு 'எச்சரிக்கை'ங்கிற சொல்லுல போவுது. அது எல்லார் காதுலயும் விலக்குச்சொல்லுல்லா!"

அது அந்த ஊர் வழக்கம். குழந்தைக்குக் காது குத்தும்போதே, தாய்மாமன் மடியில் வைத்து விலக்குச்சொற்களையும் ஏற்றிவிடுவார்கள். 'ஆபத்து', 'எச்சரிக்கை', 'உடனே' என்று கத்திக் கத்தியே தலைமுடித் தைலம் விற்று வியாபாரிகள் அந்தச் சொற்களைச் சாகடித்திருந்தார்கள். அவற்றைச் சுமந்துவரும் எந்தச் செய்தியும் வாசலிலேயே விழுந்துவிடும்.

மதகை நிறுத்தத் தலைமைப் பொறியாளர் ஒருவரால்தான் முடியும். அவர் கவனத்தை வாங்க வேண்டுமானால் சின்னதாக ஒரு துறைமுகத்தை விற்க வேண்டும். வாய்க்காலுக்கு ஓடினால் இசக்கியப்பனின் மூச்சு போய்ச்சேருமே தவிர ஆள் போய்ச்சேர மாட்டார்.

"என் பேருல ஏலம் போடு. சம்பளம் முழுசையும் போடு!"

"சொத்தையே போட்டாலும் நடக்காது. நீங்க கேக்குற தொகைய உங்க தரப்புள்ளியால பெருக்கித்தான் வரிசையில நிறுத்துவான். உங்க குவாலிட்டி ஸ்கோர் பத்துக்கு ஒண்ணு. அதுவும் பாவம் பாத்துப் போட்டது."

"எம் பொண்டாட்டிக்கிட்ட எனக்கு ஒண்ணா?"

"கல்யாணமான புதுசுல தோத்திருக்க மாட்டிய. அவங்க கண்ணுல வரிசையாத் தெரிஞ்சிருக்கிய. தெரிஞ்சா அது தோற்றம், இம்ப்ரெஷன். அவங்க திரும்பிப் பதில் சொன்னாத்தான் சொடுக்கு, க்ளிக். சொடுக்குக்குத்தான் காசு, தோற்றத்துக்குக் கெடையாது. லட்சம் தோற்றம் காட்டியும் சொடுக்கே விழலன்னா சந்தை என்ன நெனைக்கும்? இந்த ஆளு இந்தப் பொம்பளைக்குத் தேவையில்லாத சரக்குன்னு முடிவு கட்டிரும்."

"அப்பிடி என்னத்தக் கேட்டுட்டேன்?"

ஜொஹரா பழைய செய்திகளைத் திரையில் ஓடவிட்டாள். சட்டை எங்க. காப்பி எங்க. சட்டை எங்க. குடை எங்க. சட்டை எங்க. கடைசிவரை பார்க்க ஒரு அமாவாசை போதாது.

மதகின் பல்சக்கரம் முனகத் தொடங்கியது.

"இப்ப அவங்க மனசுல ஓடுற சொல்லு தெரியணும். அதான் குறிச்சொல், கீவேர்டு. அதுக்கு விளம்பரம் குடுத்தா அலுவலகக் கணக்குலயே ஜெயிச்சிரலாம். சட்டுன்னு சொல்லுங்க, மதினிக்கு என்ன பிடிக்கும்?"

"அல்வா!"

அல்வாக்காரன் ஒரே அடியில் சாய்த்தான்.

"தங்கச் சங்கிலி!"

நகைக்கடைகள் சிரித்துவிட்டுப் போயின.

"வேற?"

மன்னார் வளைகுடாவின் அத்தனை நீரும் அந்த மதகுக்குப் பின்னால் வந்து தோளை முட்டிக்கொண்டு நின்றது; இசக்கியப்பனுக்கோ மனைவிக்குப் பிடித்த மூன்றாவது பொருள் தெரியவில்லை.

"விடுங்க. வாய்க்காலுக்குள்ள மட்டும் எல்லை கட்டுதேன். ஒரு இடத்துல இருக்கிறவங்க எதத் தேடுதாங்கன்னு சந்தை சொல்லும், ஆள் பேரச் சொல்லாது. அங்கனதான் மதினியத் தவிர ஆளே இல்லியே."

திரையில் எல்லைக்கோடு சுருங்கி வாய்க்காலைச் சுற்றி இறுகியது. உள்ளே ஒரே ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் ஒரே ஒரு குறிச்சொல் எழுந்தது.

'ஒற்றைப் பெண்ணுக்கு வாடகை வீடு.'

ஜொஹராவின் விரல் நின்றுபோயிற்று. "அண்ணாச்சி, இது இன்னைக்குத் தேடுனதில்ல. தெனமும் அங்கருந்து இதே சொல்லுதான் வந்திருக்கு."

இசக்கியப்பன் அதை ஒருமுறைதான் படித்தார்.

"வீடு இருக்குன்னு போடு."

"பொய்யாப் போட முடியாது. சொடுக்குனவங்க வந்து நிக்கிறது இறங்குபக்கம், லேண்டிங் பேஜ்; அதுல சொன்னதக் குடுக்கலன்னா கணக்க முடக்கிருவான். அப்புறம் சாவுற வரைக்கும் எவன் கண்ணுக்கும் நீங்க தெரிய மாட்டிய. நெசமா வீடு இருக்கா?"

"இருக்கு. எம் பேரையே போடாம வீட்டுக்காரர்னு போடு."

விளம்பரம் பறந்தது. 'ஒற்றைப் பெண்ணுக்குத் தனி வீடு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கரையேறிக் கோபுரத்துக்கு வருபவருக்குக் கையோடு சாவி.' போட்டிக்கு ஒருவரும் இல்லை. ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்க எந்த வியாபாரிக்கும் தோன்றியதில்லை.

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள்.

"சொடுக்கிட்டாங்க! இறங்குபக்கத்துக்கு வந்துட்டாங்க! கேள்வி கேக்குதாங்க அண்ணாச்சி: தண்ணி வசதி உண்டா?"

மதகின் இடுக்கில் வெள்ளை நுரை பீறிட்டது.

"நல்லா வருது, தட்டுப்பாடே கெடையாதுன்னு போடு!"

"பக்கத்துல ஆம்பளைங்க தொந்தரவு உண்டான்னு கேக்குதாங்க."

"ஒருத்தர் இருந்தாரு. காலி பண்ணிட்டாருன்னு போடு."

தங்கபுஷ்பம் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினாள். பாதி ஏறியவள் நின்றாள். எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி இறங்கத் தொடங்கினாள். சிப்பிச் சுரண்டியைக் கீழேயே விட்டிருந்தாள்.

"ஏ! 'உடனே'ன்னு போடேன்!"

"போட்டா செய்தியே செத்துரும்!"

"அப்ப இப்பிடிப் போடு. இன்னொருத்தி வீடு பாக்க வந்து நிக்கா!"

ஜொஹரா அடித்து முடிக்கவில்லை. தங்கபுஷ்பம் சுரண்டியை மறந்தாள். வீடு தேடுகிறவள் ஏணி ஏறும் வேகத்தை எந்தக் குரங்கும் பார்த்திருக்காது. கடைசிப் படியில் அவள் கால் வைத்தபோது மதகு திறந்தது. யானைக்கூட்டம்போலத் தண்ணீர் உள்ளே பாய்ந்து, அவள் நின்றிருந்த இடத்தையும் சுரண்டியையும் ஏணியின் கீழ்ப்பாதியையும் ஒரே வாயில் விழுங்கியது. சேலைக் கரை நனைந்ததோடு சரி.

கொஞ்ச நேரத்தில் அவள் கோபுரத்துக்கு வந்தாள். சொடுக்கியவருக்கு விளம்பரக்காரரின் முகத்தைச் சிறிது நேரம் காட்ட வேண்டும் என்பது விதி. வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். ஏற இறங்க, நெடுநேரம் பார்த்தாள்.

"எப்ப இப்பிடி நரைச்சிய?" என்றாள்.

ஜொஹரா நாற்காலியோடு கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் சன்னல் வழியே நுரைத்தோடும் வாய்க்காலைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. பிறகு மெல்ல அவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"விளம்பரத்துல சாவின்னு போட்டிருந்துச்சு."

இசக்கியப்பன் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க?"

"இந்தக் கோபுரத்துல இடம் கெடக்கு."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். நாலைந்து படி போனவள் ஏதோ கேட்கவேண்டியதுபோலத் திரும்பினாள். சொடுக்குக்கு வாங்கிய நேரம் அதற்குள் முடிந்திருந்தது. அவர் நின்ற இடத்தில் அவளுக்கு வெறும் சுவர் தெரிந்தது. கண்ணைச் சுருக்கி அந்தச் சுவரில் தேடினாள்.

"போயிட்டியளா?" என்றாள்.

"இங்கனதான் நிக்கேன்" என்றார் இசக்கியப்பன், ஏலம் கேட்காமல்.