சொல்லிக்கொண்டு போனவன்

கடப்பாக்கம் டீக்கடையில் பைக்கை நிறுத்தி, "கார்டு காசிநாதன் வூடு எங்க கீது?" என்று ஹரிகிருஷ்ணன் கேட்டபோது, கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். அவர் கை போன திசையில் தெருக்கோடியில் சாமியானா பந்தல் தெரிந்தது.

"யாரு வூட்டு விசேஷம்ணே?"

"நீ கேட்ட வூடுதான். நேத்து ராத்திரி போயிட்டாரு."

திரும்பிப் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் என்று அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தவனுக்கு அப்படியே திரும்ப மனசு வரவில்லை. ஒரு மாலையாவது போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். அது நல்ல மனசா, அவரிடம் வாங்க வந்த வாட்ச் மேல் இருந்த ஆசையா என்று கேட்டால் இரண்டும்தான்.

ஹரிக்குச் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெளியூர் வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்டுக்கொண்டு, வருந்துகிறோம், சரிசெய்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டும். "திட்டு வாங்கறதுக்கு சம்பளம் குடுக்கற கம்பெனி உங்களுக்கு மட்டும்தான் கெடைக்கும்" என்பாள் அவன் மனைவி ஸ்ரீதேவி. லீவு நாளில் அவனுக்கு வேறு பைத்தியம். பழைய கைக்கடிகாரங்களைத் தேடிப் பிடித்து வாங்கி, துடைத்து, போட்டோ எடுத்து, இன்டர்நெட் ஏலத்தில் விற்பான். 2007-ல் அது புதுசு. பேச்சில் கெட்டிக்காரன். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வரேம்மா" என்று வாய் நிறையச் சொல்வான். அந்த ஒரு வார்த்தைக்கே அடுத்த தரம் பரணைக் குடைந்து தேடி எடுத்து வைப்பார்கள்.

காசிநாதனோடு அவன் பேசியது போனில் ஒரே ஒரு தடவை. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். மூச்சு இழுப்புக்காரர். இரண்டு வார்த்தைக்கு நடுவில் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் ஊதுவது போல ஒரு சத்தம் வரும்.

"வரேன்னு சொல்றவன்... எல்லாம் வர்றதில்ல தம்பி. நீ... கரீட்டா வந்துடணும்."

வந்துவிட்டான். மாலையைப் போட்டான். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்து முகம் சரியாகத் தெரியவில்லை. சாமந்தி, ஊதுபத்தி, அதையும் தாண்டிக் கடற்கரையில் காய்கிற கருவாட்டு வாசனை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாட்ச்சுக்கார புள்ளையா நீ?"

ஹரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"'நாளிக்கி ஒரு புள்ள வரும், குடுத்துடு, குடுத்துடு'ன்னுகினே இருந்தாரு. அவுரு வாக்கு. இரு."

யார் தடுத்தும் கேட்காமல் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். விறைத்த மணிக்கட்டிலிருந்து தோல் வாரை அவிழ்க்க நேரம் பிடித்தது. சுற்றி இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் வாட்ச் ஹரியின் உள்ளங்கைக்கு வந்தது. சுவிஸ் வாட்ச், தினம் சாவி கொடுக்கிற பழைய மாடல். ஐஸ்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

ஓடிக்கொண்டிருந்தது.

பேசி வைத்த பணத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தான். பதற்றத்தில் பழக்க தோஷம் முந்திக்கொண்டது.

"வரேம்மா."

சனியன் பிடித்த வாய்! ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். "யோவ், சாவு வூட்ல சொல்லிக்காம போவணும்னு தெரியாது? இன்னா ஆளுய்யா நீ?" என்று நாற்காலியிலிருந்து ஒருவர் சீறினார். சம்பூர்ணம் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"என்னப் பாத்து சொன்னியா, அவரப் பாத்து சொன்னியா?"

ஹரிக்கே தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஆறு வருஷம் கோயில், டாக்டர் என்று அலைந்து, இப்போதுதான் ஸ்ரீதேவிக்கு ஐந்தாவது மாசம். அவள் காதில் சாவு வீட்டுச் சங்கதியைப் போடுவானா? வாட்ச்சைத் துடைத்து ஏலத்துக்கு விட்டான். நாக்பூரில் தேஷ்பாண்டே என்கிற பேங்க் ஆபீசர் எடுத்தார். கூரியரில் அனுப்பிவிட்டு ஹரி அதை மறந்தே போனான்.

ஒரு மாசம் கழித்துப் புகார் வந்தது, இங்கிலீஷில், ரொம்ப மரியாதையாக. "சாவி கொடுக்கிற வாட்ச் என்று எழுதியிருந்தீர்கள். நான் நான்கு நாளாகச் சாவி கொடுக்கவில்லை. இது நிற்கவில்லை. உள்ளே பேட்டரி வைத்திருக்கிறீர்களா?"

ஹரிக்குச் சிரிப்பு வந்தது. நின்றுபோகிறது என்று புகார் கேட்டிருக்கிறான், நிற்கவில்லை என்று இப்போதுதான் கேட்கிறான். தங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று ஆபீஸ் பாணியில் பதில் போட்டான்.

அடுத்த வாரம் இரண்டாவது கடிதம். கடையில் திறந்து பார்த்தாராம். பேட்டரி இல்லை. உள்ளே ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்து கிடக்கிறதாம். கடைக்காரர் மூடிக் கொடுத்துவிட்டு, இனிமேல் இதைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மூன்றாவது கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஸ்ரீதேவி காபியோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "காதில் வைத்தால் டிக் டிக்குக்கு நடுவில் ஒரு சத்தம் வருகிறது. என் மனைவிக்கும் கேட்கிறது. கேட்டபடி எழுதுகிறேன். இது வாட்ச் கம்பெனியின் பெயரா?"

கீழே தனியாக ஒரு வார்த்தை. வி, ஏ, ஆர், ஈ, என், என், ஐ, ஒய், ஈ.

"வரென்... வரேன்னியே!" ஸ்ரீதேவி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். "நாக்பூர்க்காரரு தமிழ்ல எழுதிகீறாரு பாருங்க. யாருகிட்ட வரேன்னு சொல்லிட்டுப் போவாம கீறீங்க?"

ஹரி காபி டம்ளரை வாங்கிக் குடிக்காமலே மேஜைமேல் வைத்தான்.

மறுநாள் அவனுக்கு ஷிப்ட். மதியம், ஆபீஸ் மாடிப்படியில் நின்று தேஷ்பாண்டேக்குப் போன் போட்டான். பட்டப்பகல், கீழே கேன்டீனில் தட்டுச் சத்தம். "நீங்களே கேளுங்கள்" என்று அவர் வாட்ச்சைப் போனருகே வைத்தார்.

டிக் டிக் டிக்.

ஒன்றுமில்லை. ஹரி மூச்சு விட்டான்.

பிறகு அந்த விசில்.

"வரேன்னியே... தம்பி."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். இங்கிலீஷில் படபடவென்று சொன்னான். "சார், பணத்தைத் திருப்பி அனுப்பிடறேன். வாட்ச் எனக்கு வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க, தூக்கிப் போடுங்க, எதுவேணா செய்யுங்க!"

"பணத்தையும் வாங்கிக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை" என்றார் அந்த உத்தமர். "இன்றைக்கே கூரியரில் போடுகிறேன்."

ஹரி கெஞ்சினான். அவர் அசையவில்லை. நாணயஸ்தன் கையில் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே இல்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஆறாம் நாள் வீடு திரும்பியபோது ஸ்ரீதேவி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஏழாவது மாசம், வளைகாப்புக்கு நான்கு நாள்தான் இருந்தது. அவள் வயிற்றின் மேல் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"கூரியர் வந்துச்சுங்க. சும்மா மேல வெச்சேன். புள்ள எப்டி அடங்கிப் படுத்து கேக்குது பாருங்க!"

பெட்டியைப் பிடுங்கி எடுத்தான். அவள் திகைத்துப்போனாள். அவன் கவலையெல்லாம் ஒன்றுதான். ஆறு வருஷம் காத்திருந்து பெறப்போகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குள் இந்தக் கிழவர் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டால்?

மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடப்பாக்கம் போனான். கல்பாக்கம் தாண்டியதும் கடல் காற்று முகத்தில் அறைந்தது. அந்த இரைச்சலிலும் நெஞ்சுக்கு மேல் டிக் டிக் என்று அது ஓடுவது தெரிந்தது.

சம்பூர்ணம் தனியாக இருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவே இல்லை.

"அவரு கார்டு வேல பாத்தவரு தம்பி. வண்டி லேட்டானாலும் வந்துதான் ஆவணும்னு ஒக்காந்துகினு இருப்பாரு. எங்களுக்குப் புள்ள இல்ல. இந்த வூட்டு வாசல்ல நின்னுகினு வரேன்னு சொல்ல ஆளு ஏது? நீ சொல்லிட்ட. அவரு நம்பிட்டாரு."

"இப்ப நான் என்னாம்மா பண்றது?"

"வரேன்ன, வந்துட்ட. அத அவருகிட்ட சொல்லிடு."

சுவரில் மாலை போட்ட போட்டோ. ஹரி அதன் முன்னால் வாட்ச்சை வைத்தான். பயத்தைவிட, பாவம், இந்த மனுஷன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பார்த்திருப்பார் என்றுதான் அப்போது தோன்றியது.

"வந்துட்டேங்க ஐயா."

டிக் டிக் டிக்.

அது கேட்டதாகவே தெரியவில்லை.

பேச்சை மாற்றுவது போலச் சம்பூர்ணம் கேட்டாள். "உனக்குப் புள்ளைங்க கீதா?"

"இனிமேதாம்மா. அவளுக்கு ஏழு மாசம்."

வாட்ச் நின்றது.

ஹரி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். பதினொன்று நாற்பதில் முள் அப்படியே இருந்தது. அப்பாடா! அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பூர்ணமும் போட்டோவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வாட்ச்சைப் போட்டோ முன்னாலேயே வைத்துவிட்டான். இந்தத் தடவை உஷாராக இருந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தான். அவளும் போயிட்டு வா என்று சொல்லவில்லை.

வழியில் கல்பாக்கத்தில் நிறுத்தி வயிறாரச் சாப்பிட்டான். ஸ்ரீதேவிக்குப் பூ வாங்கினான். வீட்டுக்கு வரும்போது மணி மூன்று.

"உங்களத் தேடிகினு ஒரு பெரியவரு வந்தாருங்க" என்றாள் ஸ்ரீதேவி, பூவைத் தலையில் வைத்துக்கொண்டே.

"யாரு?"

"பேரு சொல்லல. பன்னண்டுக்கு இருவது நிமிஷம் இருக்கும். பாவம், மூச்சு வாங்குது, விசில் ஊதறாப்ல. கைல வாட்ச் கட்டின தடம் வெள்ளையா கீது, வாட்ச்சக் காணோம். 'தம்பி எங்க வூட்டுக்கு வந்துகீது, அதான் நானும் வந்தேன்'னாரு. உள்ள வாங்கன்னேன். 'இப்ப வாணாம்மா, வரேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"யாரப் பாத்து சொன்னாரு?"

"இது இன்னா கேள்வி? என்னப் பாத்துதான்..." என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "என்னப் பாத்து சொன்னாரா, வயித்தப் பாத்து சொன்னாரான்னு தெரியலைங்க."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அத வுடுங்க. அவரு போனதுலேர்ந்து புள்ள ஒரே சீரா உதைச்சுகினே கீது. நிக்கவே இல்ல. பாருங்களேன்."

உள்ளங்கைக்கு அடியில், சின்னதாக, சீராக, அது ஓடிக்கொண்டிருந்தது.