முரண் ஏதும் இல்லை

பிப்ரவரியில் ஞானப்பிரகாசத்தின் நெஞ்சுக்குள் இருந்த துடிப்பிக்குப் புது நிரல் ஏற்றினார்கள். வழக்கம்போலத் திரையில் ‘முரண் ஏதும் இல்லை’ என்று வந்தது. அந்த வரியை எழுதியவளே அவர் மனைவி ரெஜினாதான்.

துடிப்பி என்பது இதயத்தைத் தட்டி ஓட்டும் நெல்லிக்காயளவுக் கருவி. அதற்கு ஆயத்த நிரல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். மூலநிரலை எடுத்து, அவரவர் உடற்கோப்போடு சேர்த்து, தூத்துக்குடித் தொகுப்பகத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தொகுக்க வேண்டும். மூலநிரல் ஒன்று சொல்லும், உடற்கோப்பு வேறொன்று சொல்லும். அப்போது முரண் என்று தொகுப்பி நின்றுவிடும். ஆள் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

தொகுப்பகத்தில் யார் பார்த்தார்கள்? தலைக்கு ஒரு நாளைக்கு முந்நூறு முரண். முந்நூறுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’யை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அங்கே வேலை பார்த்த ரெஜினாவும்தான். எப்படியும் அமுக்கத்தானே போகிறோம் என்று, முரண்களைத் தானே தீர்க்கும் ‘இசைவான்’ என்ற நிரலை அவள் எழுதினாள். எந்தப் பக்கத்தை மாற்றுவது? மூலநிரலில் ஓர் எண்ணைத் தொட்டால் பதினாறு கையெழுத்து வேண்டும். உடற்கோப்புக்கு ஒன்றும் வேண்டாம். ஆகவே இசைவான் மனிதனைத் திருத்தியது. மூன்று நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. நாடு முழுக்க அதையே வைத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஏப்ரலில் ஞானப்பிரகாசத்துக்குக் கால் வீங்கியது. மே மாதம் மாடிப்படி ஏற முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்போதுதான் ரெஜினா கோப்பைத் திறந்து பார்த்தாள். குறைந்தபட்சத் துடிப்பு எழுபத்திரண்டு என்றிருந்தது. பலவீனமான இதயம், ஐம்பதுக்கு மேல் தட்டினால் தாங்காது என்று மூன்று வாரம் சோதித்து டாக்டர் வைத்த எண் எங்கே? புது மூலநிரல் எழுபத்திரண்டு கேட்டிருக்கிறது, இசைவான் கொடுத்துவிட்டது. பழைய எண் கிடந்தால் மறுபடி முரண் கிளம்பும் என்று அதைச் சுவடில்லாமல் அழிக்கச் சொன்னதும் அவள்தான். அந்த டாக்டரோ போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவள் ஐம்பது என்று திருத்தித் தொகுத்தாள். இசைவான் எழுபத்திரண்டாக்கியது. மறுபடி திருத்தினாள், மறுபடி ஆக்கியது.

அவள் முறையிட்டதும் தொகுப்பக மேற்பார்வையாளர் கதிரேசன் வீட்டுக்கே வந்து நாடி பார்த்தார். தங்கமான மனிதர். “கோப்புலயும் எழுபத்திரண்டு, நாடியும் எழுபத்திரண்டு. எல்லாம் பொருந்துதே மேடம்.”

“அது இவரு துடிப்பு இல்ல சார். மிஷின் அடிக்கிற அடி.”

நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவள் கெஞ்சினாள். முரண் பதிவாகாமல் துடிப்பியை நிறுத்த விதி இல்லை என்று அவர் கையேட்டை எடுத்து நிதானமாகப் படித்துக் காட்டினார். ரெஜினா அவர்மேல் பாய்ந்தாள். ஞானப்பிரகாசம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “அவர ஏன் ஏசுத? நீ எழுதினதத்தான் படிக்காரு.”

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், ரசம் சாதம் போதும் என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். ரெஜினா கையைத் தொட்டபோது சில்லிட்டிருந்தது. வந்த டாக்டர் முதலில் கோப்பைக் காட்டும் திரையைத்தான் பார்த்தார். செத்த இதயத்தைத் துடிப்பி விடாமல் தட்டிக்கொண்டிருந்தது, திரையில் எழுபத்திரண்டு. ஆள் போய்விட்டார் என்பது தனக்கும் தெரிகிறது, ஆனால் கோப்பு அப்படிக் காட்டும்போது இறப்பைப் பதிய வழியில்லை என்றார்.

பாவி, நான்தானே கொன்றேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் ரெஜினா. பிறகு திரையை இழுத்து, பல வருடங்களுக்குப் பின் ஒரு முரணைத் தன் கையாலேயே பதிந்தாள்: ‘இவர் இறந்துவிட்டார்.’

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. தீர்க்கப்பட்டது, முரண் ஏதும் இல்லை. ஞானப்பிரகாசம் அடுத்த தொகுப்புக்கு வரவேண்டிய தேதியும் கீழே இருந்தது.