முன்கூட்டியே தட்டிய கைகள்

"கண்டிப்பாப் பாடுறேன்க்கா. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடாம வேற யாருக்குப் பாடப்போறேன்?"

செவ்வாய்க் கிரகத்திலிருந்து இசக்கி இப்படிச் சொன்னதும் வாசகர் வட்டத்தின் சின்ன அறை விசில் சத்தத்தில் அதிர்ந்தது. வட்டத்தில் மூத்தவளான மாரிக்கனி மட்டும் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள்.

"இருங்கப்பா. பேசுனது நிரப்பி. அவ பதில் இன்னும் வரல."

செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம், பதில் திரும்பி வர இன்னொரு பன்னிரண்டு. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் மனிதர்கள் இடைநிரப்பியைக் கண்டுபிடித்தார்கள். எதிரில் இருப்பவரின் பழைய பேச்சையெல்லாம் கற்றுவைத்திருந்து, அவர் என்ன சொல்வாரோ அதை அவர் குரலிலேயே உடனே சொல்லிவிடும். நிஜப் பதில் பிறகு வந்து சேரும். பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சிவகாசி வால்மீன் வாசகர் வட்டம் பார்க்கும். விண்வெளிக் கதைகளைப் படித்துவிட்டு டீக்கடையில் சண்டை போடுவதற்கென்றே கூடிய கூட்டம் அது. செவ்வாயின் பனிச் சுரங்கத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்துகொண்டு, வேலை முடிந்த நேரத்தில் தானே எழுதி, இசையமைத்துப் பாடும் சாத்தூர்ப் பெண் இசக்கியை முதலில் கண்டெடுத்ததும் அவர்கள்தான். எந்த இசை நிறுவனமும் அவளைச் சீண்டியதில்லை. இப்போது அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இருக்கும் குழந்தைகளுக்குப் புதுத் தோல் வளர்த்துத் தரும் தோல்வளர்ப்பி இயந்திரம் ஒன்று வாங்க, அவளை வைத்துக் கச்சேரி நடத்த நினைத்தார்கள்.

நிஜப் பதில் வந்தது. திரையில் இசக்கி தலைகுனிந்து இருந்தாள்.

"வேண்டாம்க்கா. போன தடவை பாடி முடிச்சுட்டு சுவரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்ல. நிரப்பிக் கைதட்டல் போட்டுக்கிடச் சொல்றாங்க, அது எனக்கு வேண்டாம். ஆளே இல்லாத வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி இருக்கு."

அலைபரப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெபசிங்தான் ஒரு யோசனை சொன்னான்.

"யக்கா, கைதட்டு லேட்டாப் போகுது, அதான பிரச்சனை? முன்னாடியே தட்டி அனுப்பிட்டா?"

"பாட்டக் கேக்காமலா?"

"நம்ம இசக்கிதான? கேட்டுட்டுத்தான் தட்டணுமாக்கும்!"

ஒவ்வொரு பாட்டும் எப்போது முடியும் என்று இசக்கியிடம் வாங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்க வட்டம் முழுவதும் இருபத்துநான்கு நிமிடம் காத்திருந்தது. நிரப்பி அந்த மாதிரிச் சிரித்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபம் நிறைந்தது. நடக்க முடிந்த குழந்தைகள் கட்டுகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தில் மட்டும் நிரப்பியை அணைத்துவிட்டான் ஜெபசிங். ஒவ்வொரு பாட்டும் அங்கே முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது வெறும் திரையைப் பார்த்து மாரிக்கனி கையசைக்க, எல்லோரும் எழுந்து தட்டினார்கள். கை விரலில் கட்டுப்போட்டிருந்த குழந்தைகள் காலால் தரையைத் தட்டினார்கள். முதல் பாட்டுக்கு, இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு. ஐந்தாவது பாட்டுக்கான கைதட்டல் ஓயவும், முதல் பாட்டு மண்டபத்தில் ஒலிக்கத் தொடங்கவும் ஏறக்குறைய சரியாக இருந்தது.

முதல் இரண்டு பாட்டும் சொல்லிவைத்தாற்போல் நடந்தன. பாட்டு முடிந்த நொடியில் தங்கள் கைதட்டலே அங்கே போய் விழுவதைக் கேட்டு மண்டபம் மூச்சடக்கி நின்றது. இசக்கியின் முகம் மலர்ந்தது.

மூன்றாவது, பட்டாசு ஆலை விபத்தில் இறந்துபோன பள்ளித் தோழியைப் பற்றிய பாட்டு. தோழியின் பெயர் வரும் இடத்தில் இசக்கி நின்றுவிட்டாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மடியிலிருந்த வாத்தியத்தின் தந்தியிலிருந்து கை நழுவியது. எழுந்து போகப் பார்த்தாள்.

மாரிக்கனி தன்னையறியாமல் திரையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். அங்கே நடப்பது பன்னிரண்டு நிமிடத்துக்கு முன்பே நடந்து முடிந்தது. செய்ய ஒன்றுமில்லை.

அப்போது அந்தக் கைதட்டல் போய்ச் சேர்ந்தது. பாடாத பாட்டுக்கு, விசிலோடு, காலால் தட்டிய ஓசையோடு. இசக்கி கதவருகே நின்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கூலிய முதல்லயே குடுத்துட்டீங்க. இனி பாடாம எப்படிப் போக?"

முதலிலிருந்து பாடினாள். பெயரைச் சொன்னாள். மிச்சக் கைதட்டல்கள் கண்ட இடத்தில் வந்து விழுந்தன. அவற்றையே தாளமாகப் பிடித்துக்கொண்டு பாடினாள். குழந்தைகள் தங்கள் சத்தத்தைப் பாட்டுக்குள் கேட்டுத் துள்ளினார்கள்.

ஒரு வாரம் கழித்து ஜெபசிங் முகம் செத்துப்போய் வந்தான். மற்ற ஊர்களில் கச்சேரியைப் பார்த்தவர்களுக்கு அது வழக்கம்போல் நிரப்பி வழியாகவே போயிருந்தது. அது இசக்கி நின்ற இடத்தை மூடி, பெயரை அவள் குரலிலேயே தடங்கலில்லாமல் பாடி, கைதட்டலை ஒழுங்கான இடங்களில் வைத்திருந்தது. அந்தப் பதிவைத்தான் ஊர் உலகமே கேட்டு அழுதது. தோல்வளர்ப்பிக்குத் தேவையான பணம் முழுவதும் அதைக் கேட்டவர்கள் போட்டது.

"இது அவ இல்லன்னு சொல்லிரலாமாக்கா?"

மாரிக்கனிக்கு முன்வரிசைப் பிள்ளைகளின் கட்டுகள் கண்ணில் நின்றன. "சொன்னா பணத்தத் திருப்பிக் கேப்பாங்களோ என்னவோ. அவகிட்டயே கேப்போம்."

பதிவை அனுப்பி, நிரப்பியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து இசக்கி வந்தாள், வேலை உடையில், முகமெல்லாம் கிரீஸ்.

"முழுசாக் கேட்டேன்க்கா. நல்லாத்தான் பாடுறா, அந்த நிரப்பிப் பொண்ணு. அந்தப் பேரச் சொல்லும்போது அவளுக்கு ஒண்ணுமே ஆகல, பாத்தீங்களா? பாவம்." மூக்கை உறிஞ்சினாள். "பிள்ளைகளுக்குத் தோல் வரட்டும். ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவளுக்கும் யாராச்சும் நிஜமாத் தட்டணும்ல? நான் தட்டிட்டேன்."