கலங்காத படம்

அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான். ஆனாலும் படம் துளியும் கலங்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கை ஒன்பது வருடமாக அந்த ஸ்கேன் மெஷினை ஓட்டுகிறவள். தலை மயிரிழை அளவு அசைந்தாலும் படம் மங்கிவிடும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள், பழைய படத்தைத் திறந்துவிட்டோமோ என்று. பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். இன்றையதுதான்.

அவன் மூளையில் அபூர்வமான ஒரு பாக்டீரியா சீழ்க்கட்டியாகக் குடியேறி எட்டு வாரம். தினமும் நரம்பு வழியாக மருந்து. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவளே படமெடுத்து, வெள்ளை வளையமாகத் தெரியும் அந்தக் கட்டியை அளப்பாள். இருபத்துநான்கு மில்லிமீட்டர். பத்தொன்பது. போன முறை பதினெட்டரை. இன்றும் குறையாவிட்டால் நாளை மண்டையைத் திறக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்ன அளவுகோல், குறைஞ்சிருக்கா?" ஸ்பீக்கரில் அண்ணன் குரல். எதையும் மூன்று தடவை அளப்பவளுக்குச் சின்ன வயதிலேயே அவன் வைத்த பட்டப்பெயர் அது.

"வாயை மூடிட்டுப் படுண்ணா. உன் தொணதொணப்புல படம் பாழாயிடும்."

"மூளையே பாழாக் கெடக்கு, படம் போனா என்ன?"

சிரித்துவிட்டாள். மெஷின் மறுபடி இடிக்கத் தொடங்கியது. ஏசியின் குளிரில் ஸ்பிரிட் வாசனையோடு, பூச்சாடியில் நாள்பட்டு நின்ற தண்ணீரின் அழுகல் போல ஒன்றும் இழைந்து வர, அத்தனை இரைச்சலுக்கு மேலே அவன் குரல் நிதானமாக, மூச்சு வாங்காமல், பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் ஒழுகும் குழாயைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனது.

கட்டியையும் சேர்த்து எடுத்த முதல் படம் வந்தது. மண்டையோடு, தாடை, நாக்கு எல்லாம் செதுக்கி வைத்ததுபோல் தெளிவு. வளையம் மட்டும் கலங்கியிருந்தது.

அசைந்தது அது ஒன்றுதான்.

"அண்ணா, இப்ப பேசாதே."

குரல் நின்றது. படமெடுத்தாள். வளையம் தெளிவு.

"இப்ப பேசு."

"என்னத்தைப் பேச?"

வளையம் கலங்கல்.

மெஷினுக்குள் இருக்கும் கேமராவின் திரையைப் பார்த்தாள். தலைக்கூண்டுக்குள் அண்ணன் முகம்.

"பேசிட்டேதானே இருக்கேன்," என்றது குரல்.

அவன் வாய் மூடியிருந்தது.

அலாரம் அலறியது. ஆபத்தென்றால் அமுக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்து. அமுக்குகிறான். விடாமல்.

"ஒண்ணுமில்ல அளவுகோல். கை தவறிப் பட்டுடுச்சு. நீ எடு."

நிறுத்தினாள். ஓடினாள். கதவு. கட்டில் வெளியே வந்தது. ஒட்டிப்போன உதடுகள். விரிந்த கண்கள். காதோரம் வழியும் கண்ணீர். வெளுத்த விரல்கள் பந்தை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன.

அவள் முதுகுக்குப் பின்னால், அவள் விட்டுவந்த ஆளில்லாத அறையின் ஸ்பீக்கரில், அண்ணனின் அதே குரல்.

"சொல்லவே இல்லையே. நான் குறைஞ்சிருக்கேனா?"