பூவரசந்தடி

போர்வையை உதறியதும் ஒரு பூவரசந்தடித் துண்டு தரையில் விழுந்து உருண்டது. விரல் நீளம்தான். ரெஜினா எடுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாகப் பல்தடம். எச்சில் ஈரம்கூடக் காயவில்லை. வீட்டில் சின்னப் பல் மகள் ஜாஸ்மினுக்கு மட்டும்தான்; அவளுக்கோ முன்பல் இரண்டும் விழுந்து ஒரு வாரமாகிறது. இந்தத் தடத்தில் ஒரு பல்லும் குறையவில்லை.

"இன்னா ரெஜினா, பீச்சுக்கு வர்ல?" தெருவிலிருந்து கீழ்வீட்டுக் கெங்கம்மா கத்தினாள். "பிளேனு வித்தை காட்டப் போவுதாம். ஊரே போய்க்கினு கீது!"

"நீங்க போங்கக்கா. எனக்குத் தலைவலி."

சாந்தோமே புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தது. போர்விமானத்தைக் காசில்லாமல் பார்க்கலாமாம். யாழ்ப்பாணத்தில் ரெஜினாவும் காசில்லாமல்தான் பார்த்தாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. விமானம் வந்தால் பதுங்குகுழிக்குள் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, பல்லிடையே பூவரசந்தடித் துண்டைக் கடிக்க வேண்டும். இல்லாவிட்டால் காது கிழியும் என்பாள் அம்மா. ஊரைவிட்டு வெளியேற மூட்டை கட்டிய அன்று விமானம் வந்தது. தங்கை டிலானி தடியை வீட்டிலேயே மறந்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். "போய் எடுத்துக்கொண்டு வா!" என்று விரட்டியது ரெஜினாதான். டிலானி ஓடினாள். குண்டு வீட்டின்மேல் விழுந்தது. கோயிலில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட ரெஜினா இதைச் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கம், அவ்வளவு பயம்.

எழுந்துபோய் மொட்டைமாடிக் கதவைப் பார்த்தாள். மாடியில் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது. மேல்தாழ் போட்டபடியே இருந்தது, ஜாஸ்மினுக்கு எட்டாது. கூடத்தில் அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்பாடா.

முதலில் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன, பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பிறகு கடல் பக்கமிருந்து அந்த உறுமல் சுவரேறி, கூரையேறி, அவள் பல்லுக்குள்ளேயே வந்து இறங்கியது.

"ஜாஸ்மின்! உள்ள வா!"

உடம்பு தானாகக் கட்டிலடியில் புகுந்தது. குப்புறப் படுத்தாள். கண்ணை இறுக்கினாள். ஒரு சின்னக் கை வந்து அவள் கையைப் பற்றியது.

"வந்துட்டியா கண்ணு..."

கை ஜில்லென்றிருந்தது. ஈர மண் வாடை. பக்கத்தில் கறுக், கறுக். மரத்தைக் கடிக்கும் சத்தம்.

"ஜாஸ்மின்?"

"அவளிட்டை தடி இல்லை அக்கா." வாயில் எதையோ கடித்துக்கொண்டே பேசியது குரல். "போய் எடுத்துக்கொண்டு வா எண்டு தாழைத் திறந்து மேல அனுப்பிட்டன்."

விமானம் கடந்து போயிற்று. தலைக்கு மேலே கொலுசு. ஜாஸ்மினின் கொலுசு. ஓடுகிறது. இடிந்த பக்கமாக.

ரெஜினா கையை இழுத்தாள். அது விடவில்லை. மகளே என்று கத்த வாயைத் திறந்தாள். பல்லிடையே ஈரமான தடியொன்று வந்து அழுந்தியது.

"கடி அக்கா. காது கிழியும்."

மேலே கொலுசு நின்றது.