கடை விலை, வெளி விலை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஒரு காதல் கதை சொல்லப் போகிறேன். காதல் என்றதும் பூவையும் நிலாவையும் தேடாதீர்கள். இது பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற ஒரு கடையில் தொடங்குகிறது. இருட்டான கதைதான்... ஆனாலும் நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

அன்றைக்கு அப்படி ஒரு மழை. அவள் மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். தலை நனைந்திருந்தது, தோள் நனைந்திருந்தது, பை மட்டும் நனையவில்லை. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள். வலியோடு வருகிறவர்களை உட்கார வைத்து, பேர் எழுதி, "ஒண்ணும் வலிக்காது" என்று பொய் சொல்வது அவள் வேலை.

கடையில் விலை போடுகிறவன் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குக் கீழே தூங்கியே பழக்கமில்லாத மாதிரி இரண்டு கண்கள். அவன் ஒரு நொடி வேலையை மறந்தான்.

அவனுக்குக் கடையில் 'பிதுக்கி' என்று பட்டப்பெயர். எந்தப் பொருளைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவான். பொருள் புத்தம் புதிதாக இருந்தாலும் பிதுக்குவான். வாங்கும்போது மட்டமாகப் பேசினால்தான் விலை குறையும். அது அந்தத் தொழிலின் வழக்கம்.

அவள் லேப்டாப்பை எடுத்து வைத்தாள். "எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். காசாவே குடுத்துடுங்க."

"உள்ள இருக்கிறதெல்லாம் எடுத்துட்டீங்களா? படம், பாட்டு..."

"எடுத்தாச்சு. அண்ணனோடது. அண்ணன் இல்ல இப்போ."

அவன் தலையசைத்தான். திறந்தான், மூடினான், கவிழ்த்தான். மேசைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் தட்டினான். அது லேசாக ஆடியது. உதடு பிதுங்கியது.

"இதுக்கு விலை போட முடியாதுங்க. பேட்டரி உப்பிப் போச்சு. பாருங்க, அடிப்பக்கம் வளைஞ்சிருக்கு. எந்நேரமும் சார்ஜ்லயே கிடந்திருக்கு. சும்மா குடுத்தா, நாங்களே பத்திரமா கழிச்சுக் கட்டிடறோம்."

"சும்மாவா?"

"வெளியில யாருக்கும் வித்துடாதீங்க. சூடாகித் தீப்பிடிக்கும். அதான்..."

"ஓஹோ!" அவள் குரல் உயர்ந்தது. "நான் வர்றப்பவே ஒருத்தர் நல்ல கம்ப்யூட்டரோட வந்தாரே, அவர்கிட்டயும் இதே மூஞ்சியத்தான் காட்டினீங்க. பொருளை மட்டம் தட்டுறது, பயமுறுத்துறது, சும்மா வாங்கி நாளைக்கு நல்ல விலைக்கு விக்கிறது... இதுதானே பொழப்பு?"

"இல்லைங்க, இது நிஜமாவே..."

"நிஜத்தை நீங்க எப்பங்க கடைசியா பேசினீங்க?"

பையை அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். அவன் வாசல்வரை ஓடி வந்தான். கூப்பிட ஒரு பேர்கூடத் தெரியாது. மழைதான் இருந்தது.

அவளுக்கு மட்டும் என்ன, காசு ஆசையா? இல்லை, கண்ணுங்களா. அதற்கு அவளுடைய அம்மாவைத் தெரிய வேண்டும்.

மகன் போன பிறகு அந்த அம்மா அவன் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். முகப்பில் மகன் சிரிக்கிற படம். படம் அணைந்துவிடக் கூடாதே என்று எந்நேரமும் சார்ஜ் போட்டே வைத்தாள். சோறு கிடையாது, பேச்சு கிடையாது. மகள் சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டிக்கொடுத்தாள். அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் ஒருநாள் அம்மா வாய் திறந்தாள்: "வித்துடு. ஆனா நல்ல விலைக்கு வித்துடு. என் பிள்ளை ஆசை ஆசையா வாங்கின பொருள். மட்டமா போகக் கூடாது."

இப்போது சொல்லுங்கள். 'சும்மா குடுத்துட்டு வந்தேம்மா' என்று அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவாள்?

வெளியில் விற்றால் விலை கூடத்தான் கிடைக்கும். ஆனால் கடைக்காரனுக்கு விற்றால் பொருள் அவனோடு போய்விடும். வெளி ஆளுக்கு விற்றால் அந்த ஆள் நம் வீட்டு வாசலுக்கு வருவான், நம் முகத்தைப் பார்ப்பான், நாமும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிப் போடுவதில்லை.

போனில் விளம்பரம் போட்டாள். அன்று சாயங்காலமே ஒரு தையல்காரம்மா வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்திருக்கிறாள்.

"வீட்டுக்காரருக்குங்க. கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்தாரு, அன்னைக்குப் படுத்தவருதான். இடுப்புக்குக் கீழ அசைவில்ல. வயித்து மேல வெச்சு டைப் அடிக்கிற வேலை ஒண்ணு கிடைக்குதாம். 'இனி உனக்குச் சரிசமமா சம்பாதிக்கிறேன் பாருடி'ன்னு ஒரே அலப்பறை." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

வயித்து மேலயா... விசைப்பலகை லேசாக மேடிட்டிருந்த இடத்தின் மேல் மகள் உள்ளங்கையை வைத்து மறைத்திருந்தாள். சொல்லிவிடலாமா? அந்தக் கடைக்காரன் சொன்னது புளுகுதானே? புளுகாகத்தான் இருக்க வேண்டும்...

தையல்காரம்மா பேரமே பேசவில்லை. "நல்லா வெச்சிருக்கீங்க, கேட்ட விலை குடுத்துடறேன்" என்றாள்.

உள்ளே நின்றிருந்த அம்மா சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் மகளுக்கு வாய் வரவில்லை. உள்ளங்கையை எடுத்துவிட்டாள்.

மறுநாள் பல் மருத்துவமனையில் ஒரு கிழவர் கேட்டார், "வலிக்குமாம்மா?" வழக்கமான பொய் நாக்கில் வந்தது... நின்றுவிட்டது. தையல்காரம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் கடைக்கு ஓடினாள்.

"நேத்து... நீங்க சொன்னது நிஜமா, விலைப் பேச்சா? அது மட்டும் சொல்லுங்க."

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "எங்க இருக்கு அது?"

"வித்துட்டேன். ஒருத்தர் படுத்த படுக்கை. வயித்து மேல வெச்சு..."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். முதலாளி பின்னாலிருந்து கத்தினார்: "டேய் பிதுக்கி, போனா அப்படியே போயிடு!"

பள்ளிக்கூடத்துக்குப் பின்சந்து என்று தையல்காரம்மா சொல்லியிருந்தாள். மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. அவள் அவன் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"என்னைத் திட்டுங்க."

"உங்களை ஏன்? தப்பு என்னோடதுங்க. நல்ல பொருளுக்கும் உதட்டைப் பிதுக்கி, கெட்ட பொருளுக்கும் உதட்டைப் பிதுக்கி... உயிர்ப் பயமுள்ள விஷயத்தையும் அதே மூஞ்சியோடதான் சொல்லியிருக்கேன். யாரு நம்புவாங்க?"

அவளுக்கு அந்த முதுகில் நெற்றியைச் சாய்த்து அழ வேண்டும்போல் இருந்தது. சாயவில்லை.

சந்தில் வீட்டை விசாரித்துக் கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து ஒரு குரல்: "கதவைத் தள்ளிக்கிட்டு வாங்க! நான் எழுந்து வந்து திறந்தா ஊரே வேடிக்கை பாக்க வந்துடும்!"

ஒற்றை அறை. கட்டிலில் அந்த மனிதர். போர்வை, அதன்மேல் லேப்டாப், அதிலிருந்து சுவருக்கு ஒரு வயர். தையல்காரம்மா பக்கத்துத் தெருவுக்கு வேலைக்குப் போயிருந்தாள், போனை அவர் கைக்கு எட்டாத மூலையில் விட்டுவிட்டு.

"புதுசா வாங்கினது, கொஞ்சம் சுடுது. குளிருக்கு இதமாத்தான் இருக்கு," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. வயிற்றில் பாதிக்கு உணர்ச்சி இல்லாதவர், பாவம்.

அவன் வயரைப் பிடுங்கினான். லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கினான். நடுப்பகுதி பிளந்திருந்தது. வாசலைத் தாண்டும்போதே சீறியது... பாம்பு சீறுகிற மாதிரி. வெள்ளைப் புகை. அவன் கையை விடவில்லை. பக்கத்து வீட்டுக் கட்டுமானத்துக்குக் கொட்டியிருந்த மணலில் கொண்டுபோய்ப் போட்டான். அங்கே குபீரென்று பிடித்தது. மணலை அள்ளி அள்ளிப் போட்டார்கள் இருவரும். மழை பெய்துகொண்டே இருந்தது, அது எரிந்துகொண்டே இருந்தது.

புகையைப் பார்த்து ஓடிவந்தாள் தையல்காரம்மா. விற்றவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தெரிந்தேதான் விற்றேன் என்று சொல்லி, பணத்தை நீட்டினாள். தையல்காரம்மா வாங்கிக்கொண்டாள். பிறகு அவள் முகத்தையே பார்த்தாள்.

"எழுந்திருக்க முடியாத மனுஷன்னு சொன்னேனேம்மா உன்கிட்ட. சிரிச்சுக்கிட்டே சொன்னேனே."

"கடையில இருந்து நல்லதா ஒண்ணு நான் கொண்டாந்து தர்றேன்..." என்றான் அவன்.

"உங்க ரெண்டு பேரு நிழலும் இந்த வாசல்ல விழக் கூடாது."

கதவு சாத்தப்பட்டது. அது பிறகு திறக்கவே இல்லை, கண்ணுங்களா. எல்லாக் கதவும் திறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

"வீட்டுக்குப் போகணும்," என்றாள் அவள். "அம்மாகிட்டச் சொல்லணும். தனியா போக... தைரியமில்ல."

அவன் கூடவே போனான்.

அவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "நீ சிரிச்சேம்மா... அதைப் பாத்ததும் எனக்கு வாய் வரல."

அம்மா அசையவில்லை. "ராத்திரி பகலா சார்ஜ் போட்டது நான்தானே," என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் வாசலோரம் நின்றவனின் கைகள் அம்மாவின் கண்ணில் பட்டன. உள்ளங்கைத் தோல் கழன்று தொங்கியது.

"யாருப்பா நீ? இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் நிக்கிறே? அறிவிருக்கா உனக்கு? ஏய், என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே, தண்ணி கொண்டா!"

அதட்டல்! அந்த வீட்டில் அதட்டல் கேட்டு எத்தனை காலம்! அம்மா அவனை இழுத்து உட்கார வைத்து, அந்தக் கைகளைத் தன் மடிமேல் வைத்து, குளிர்ந்த தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். ஊற்றும்போதே அழத் தொடங்கினாள். மகன் போன அன்றுகூட அழாதவள்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. இரண்டு கையிலும் கட்டு. ஸ்கூட்டரை அவள்தான் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வேலை போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"போயிடுச்சு."

"என்னாலதான்."

"ஆமா."

அவள் திடுக்கிட்டு நின்றாள். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"இல்லைன்னு சொல்லலாம்," என்றான். "உங்ககிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிடணும்னு இருக்கு."

தெருவிளக்கின் கீழே இருவரும் நின்றார்கள். அவள் கண்கள் அவனை நேராகப் பார்த்தன. வெட்கமில்லை, பயமில்லை...

"நான் நல்லவ இல்லைங்க. தெரிஞ்சே வித்தவ. வேற யாராவது என்னைப் பொண்ணு பாக்க வந்தா இதை மறைச்சுத்தான் சிரிக்கணும். உங்க முன்னாடி மறைக்க எதுவுமே இல்ல. அதனாலயோ என்னவோ... உங்க பக்கத்துல நிக்கும்போதுதான் மூச்சு விட முடியுது."

அவன் சொன்னான்: "நேத்து மழையில நீங்க இறங்கிப் போனப்பவே, இந்தப் பொண்ணு திரும்பி வராதான்னு வாசல்லயே நின்னேன். அப்போ கண்ணைப் பாத்து நின்னேன். இன்னைக்கு நீங்க ஓடி வந்து நிஜமான்னு கேட்டீங்களே... அப்போதான் பிடிச்சுது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வேலையில்லாதவன் சொல்றேன், கையில கட்டோட சொல்றேன்."

அவள் தலை குனிந்தாள்.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் சாப்பாடு யாரு ஊட்டுவா?"

"தெரியலையே..."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது, ஆனால் அது சொன்னது தெளிவாகக் கேட்டது.

போதும், கண்ணுங்களா, இதற்குமேல் அவர்களைத் தனியாக விடுவோம். உங்கள் வீட்டிலும் ஒருவர் என்றைக்காவது தவறு செய்துவிட்டு, நனைந்தபடி வந்து நிற்கலாம். அன்றைக்கு அவர் உண்மையைச் சொல்லட்டும். கேட்கிற காது உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் அதட்டலும் சிரிப்பும் ஓயாமல் கேட்கட்டும். பிள்ளைகள் பெற்றவர்களுக்கு முன்னால் போகாமல், எல்லோரும் ஒரு கூரைக்கீழ் நிறைந்து வாழட்டும்.